கம்ப்யூட்டர் தானாகப் போடும் தேதி

நம் சங்கங்களில் உறுப்பினர் பதிவேடு தடித்த அட்டை போட்ட நோட்டுப் புத்தகத்தில் இருந்த காலம் போய்விட்டது. சந்தா, நன்கொடை, நூலகப் புத்தகங்கள், மண்டப முன்பதிவு என்று எதை எடுத்துக்கொண்டாலும் இன்று கம்ப்யூட்டரில்தான் பதிவாகிறது. பெயரையும் தொகையையும் தட்டினால் போதும். தேதியும் நேரமும் தாமாகவே வந்து உட்கார்ந்துகொள்கின்றன. நோட்டில் தேதி போட மறந்த செயலாளர்கள் உண்டு. கம்ப்யூட்டர் மறப்பதில்லை. அதனால் அந்தத் தேதியின் மேல் நமக்கெல்லாம் ஒரு தனி மரியாதை. "சிஸ்டத்தில் இப்படித்தான் இருக்கிறது" என்று ஒருவர் சொல்லிவிட்டால் எதிரே நிற்பவர் வாயடைத்துப் போகிறார்.

அந்த மரியாதைக்கு அது எவ்வளவு தூரம் தகுதியானது, பிசகினால் எங்கே பிசகியது என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பவற்றை இங்கே பார்ப்போம். சங்கக் கணக்கு எழுதுகிறவர்களுக்கும், வீட்டுக் கணக்கைக் கம்ப்யூட்டரில் வைத்திருப்பவர்களுக்கும், சிறு வியாபாரம் நடத்துகிறவர்களுக்கும் இது பொருந்தும். பிள்ளைகள் யாராவது சாஃப்ட்வேர் வேலையில் இருந்தால் அவர்களிடமும் ஒருமுறை காட்டலாம்.

நோட்டில் நாம் எழுதும் தேதி, காரியம் நடந்த தேதி. கம்ப்யூட்டர் தானாகப் போடும் தேதி அதுவல்ல. ஒரு வரி எழுதப்பட்ட கணத்தில் ஏதோ ஒரு கடிகாரம் என்ன காட்டிக்கொண்டிருந்தது என்பதுதான் அது. ஞாயிற்றுக்கிழமை விழாவில் கையில் வாங்கிய சந்தாவைப் பொருளாளர் புதன்கிழமை உட்கார்ந்து ஏற்றினால், புதன்கிழமைதான் பதிவாகும். இதைத் தவறு என்று சொல்ல முடியாது; நாம் கேட்காத கேள்விக்கு அது சரியாகப் பதில் சொல்லியிருக்கிறது. ஆகவே தேதி தகராறு எது வந்தாலும் மூன்று விஷயங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும். அது யாருடைய கடிகாரம்? எந்தக் கணத்தில் பார்த்தது? ஒருமுறை எழுதிய பிறகு மறுபடி மாறுமா?

மூன்றாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வோம். அதிகம் பேரைக் கவிழ்ப்பது அதுதான். எக்ஸெல் தாளில் ரசீது தயாரிக்கும் பலர் தேதிக் கட்டத்தில் '=டுடே' என்ற சூத்திரத்தைப் போட்டுவிடுகிறார்கள். அச்சடிக்கும் அன்று தேதி சரியாக இருக்கும். ஆறு மாதம் கழித்து அதே கோப்பைத் திறந்தால், திறந்த அன்றைய தேதியைக் காட்டும். ரசீது என்றைக்கும் இளமையாகவே இருக்கும்! மாறாத தேதி வேண்டுமென்றால் கன்ட்ரோல் விசையைப் பிடித்துக்கொண்டு அரைப்புள்ளி விசையைத் தட்ட வேண்டும். வேர்டு கடிதங்களில் தேதியைச் செருகும்போது 'தானாகப் புதுப்பிக்கவும்' என்ற சின்னப் பெட்டியில் குறி விழுந்துவிட்டாலும் இதே கதைதான்.

எக்ஸெல்லில் நடப்பது கண்ணுக்குத் தெரியும். டேட்டாபேஸில் நடப்பது தெரியாது. தலைநகர வட்டாரத்தில் நான் அறிந்த ஒரு சங்கத்தில் நடந்ததைச் சொன்னால் விளங்கும். 2016ல் அரியானா அரசு குர்கானின் பெயரைக் குருகிராம் என்று மாற்றியது நினைவிருக்கும். சங்கத்தின் உறுப்பினர் பட்டியலைக் கவனித்துக்கொண்டிருந்த தன்னார்வலர் ஒருவர், முகவரிப் பத்தியில் 'குர்கான்' என்று இருப்பதையெல்லாம் 'குருகிராம்' என்று ஒரே கட்டளையில் மாற்றினார். ஐந்து நிமிட வேலை. எல்லாரும் பாராட்டினார்கள்.

அடுத்த பொதுக்குழுவுக்கு வாக்காளர் பட்டியல் எடுத்தபோதுதான் வினை தெரிந்தது. உறுப்பினராகி ஓராண்டு நிறைந்தவர்களுக்கே வாக்குரிமை என்பது அந்தச் சங்கத்தின் விதி. பல சங்கங்களில் இப்படி ஒரு விதி உண்டு. பட்டியலில் நொய்டாக்காரர்கள் இருந்தார்கள், மயூர் விஹார்க்காரர்கள் இருந்தார்கள். குருகிராமிலிருந்து அநேகமாக ஒருவரும் இல்லை. இருபது வருஷமாகச் சந்தா கட்டி வந்தவர், கேண்டீனில் நின்று பொங்கல் பரிமாறியவர், சங்கக் கட்டடத்துக்கு வீடு வீடாகப் போய் நன்கொடை திரட்டியவர், எல்லாரும் சில மாதங்களுக்கு முன் சேர்ந்த புது உறுப்பினர்களாக ஆகியிருந்தார்கள். தேர்தல் நேரம் வேறு. "எங்கள் பக்கத்து ஓட்டு எதிரணிக்குப் போகும் என்று திட்டமிட்டுத்தானே நீக்கினீர்கள்?" என்று குரல் கிளம்பியது. செயற்குழுவிலோ "சிஸ்டத்தில் இப்படித்தான் இருக்கிறது" என்ற அந்தப் பழைய பதில். இரண்டு தரப்பும் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் வேடிக்கை.

அவர்கள் வைத்திருந்தது மைஎஸ்க்யூஎல் என்னும் டேட்டாபேஸ். இலவசமாகக் கிடைப்பதால் சிறிய இணையதளங்களில் பெரும்பாலும் இதுதான் இருக்கும். இதில் 'டைம்ஸ்டாம்ப்' என்று ஒரு வகைப் பத்தி உண்டு. பழைய பதிப்புகளில், ஓர் அட்டவணையின் முதல் டைம்ஸ்டாம்ப் பத்திக்கு நாம் விசேஷமாக ஒன்றும் சொல்லாவிட்டால், அதுவாகவே இரண்டு குணங்களை எடுத்துக்கொள்ளும். புது வரி சேரும்போது அப்போதைய நேரத்தைப் போடும். அந்த வரியில் வேறு எந்தப் பத்தி மாறினாலும் அப்போதைய நேரத்தை மறுபடி போடும். 'சேர்ந்த தேதி' என்று பெயர் வைத்திருந்தாலும் உண்மையில் அது 'கடைசியாகத் தொட்ட தேதி'. முகவரியில் ஊர்ப்பெயர் மாறியதும், சேர்ந்த தேதியும் அந்த விநாடிக்குத் தாவிவிட்டது.

இந்த நோயைக் கண்டுபிடிப்பது சுலபம். தேதிப் பத்தியை வரிசைப்படுத்திப் பார்த்தால், பாதிக்கப்பட்ட அத்தனை பேருக்கும் ஒரே தேதி, ஒரே மணி, ஒரே விநாடி இருக்கும். மனிதர்கள் அப்படிச் சங்கத்தில் சேர்வதில்லை. இன்னொரு தடயமும் கிடைத்தது. 'குட்காவ்' என்று இந்தி உச்சரிப்பில் முகவரி எழுதி வைத்திருந்தவர்களின் தேதி மட்டும் பத்திரமாக இருந்தது. கட்டளை தேடிய எழுத்துக்கூட்டு அவர்களிடம் இல்லை, வரி மாறவில்லை, தேதியும் மாறவில்லை. ஏதாவது ஒரு எழுத்து உண்மையிலேயே மாறினால்தான் அந்தத் தானியங்கி வேலை செய்யும்.

இப்படி நேர்ந்தால் திருத்துவதில் ஒரு வரிசை இருக்கிறது. அதை மாற்றினால் மேலும் கெடும். முதலில் கெட்டுப்போன நிலையிலேயே முழு டேட்டாபேஸையும் ஒரு பிரதி எடுத்து வைக்க வேண்டும். பிறகு அந்த மறுபடி மாறும் குணத்தை நீக்க வேண்டும். அட்டவணையின் அமைப்பைக் காட்டும் பக்கத்தில் 'ஆன் அப்டேட் கரண்ட் டைம்ஸ்டாம்ப்' என்று எழுதியிருக்கும், அதுதான் குற்றவாளி. அதை எடுக்காமல் தேதிகளைச் சரிசெய்தால், நாளைக்கு யாராவது தொலைபேசி எண்ணைத் திருத்தும்போது மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். அதன்பின் பழைய பேக்அப்பை எடுத்து, பெயரை வைத்து அல்ல, உறுப்பினர் எண்ணை வைத்து, பழைய தேதிகளைக் கொண்டுவர வேண்டும். (நம் பட்டியல்களில் எத்தனை சுப்பிரமணியன்கள் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.) பேக்அப் எடுத்த பிறகு சேர்ந்தவர்களுக்கு ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டைதான் சாட்சி. அந்தச் சங்கத்தில் ஒருவர் பென் டிரைவில் பழைய பிரதி வைத்திருந்ததால் பிழைத்தார்கள்.

2018ல் வெளியான 8ஆம் பதிப்பிலிருந்து மைஎஸ்க்யூஎல் இந்தக் குணத்தைத் தானாகத் திணிப்பதில்லை. ஆனால் பழைய பதிப்பில் உண்டாக்கிய அட்டவணையைப் புதியதற்கு மாற்றினால், பழைய குணமும் சீதனமாகக் கூடவே வரும். ஆகவே பதிப்பைப் பார்த்து நிம்மதியடைய வேண்டாம். அட்டவணையைத் திறந்து பாருங்கள்.

என்னைக் கேட்டால், வாக்குரிமை, மருத்துவ உதவி நிதி, மூப்பு வரிசை என்று ஒருவருடைய உரிமை எந்தத் தேதியைப் பொறுத்திருக்கிறதோ, அந்தத் தேதியைத் தானியங்கியிடம் விடவே கூடாது. ரசீதைப் பார்த்துக் கையால் தட்டும் சாதாரணத் தேதிப் பத்தி ஒன்று தனியாக இருக்கட்டும். தானியங்கிப் பத்திகள் வேண்டுமென்றால் 'பதிவான நேரம்', 'கடைசியாகத் திருத்திய நேரம்' என்று அவற்றின் உண்மையான பெயரிலேயே பக்கத்தில் இருக்கட்டும். அவையும் பயன்படும்; யார் எப்போது கை வைத்தார்கள் என்று தெரிந்துகொள்ள அவைதான் உதவும்.

இனி, யாருடைய கடிகாரம் என்ற கேள்விக்கு வருவோம். காலை 10 மணிக்கு ஏற்றிய நன்கொடை, பட்டியலில் 4.30 என்று நிற்கிறதா? சரியாக ஐந்தரை மணி நேரம் பின்தங்கியிருந்தால் எந்தக் கடிகாரமும் கெட்டுப்போகவில்லை என்று அர்த்தம். கிரீன்விச் நேரம் என்று நாம் பள்ளியில் படித்தோமே, அதன் இன்றைய வடிவமான சர்வதேசப் பொது நேரத்தில் அது எழுதியிருக்கிறது. வாடகைக்குக் கிடைக்கும் சர்வர்கள் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் ஓடுகின்றன. மொபைல் செயலிகள் பலவற்றின் உள்ளே இருக்கும் எஸ்க்யூலைட் என்ற சிறிய டேட்டாபேஸும் தற்போதைய நேரம் என்று கேட்டால் பொது நேரத்தைத்தான் தரும்.

உலகத்துக்கெல்லாம் ஒரே கணக்கில் எழுதி, காட்டும்போது உள்ளூர் நேரமாக மாற்றுவது நல்ல முறைதான். மாற்ற மறந்தால்தான் தொல்லை. ஏப்ரல் 1ஆம் தேதி விடியற்காலை 2 மணிக்கு ஒருவர் இணையம் வழியாகச் சந்தா கட்டினால், பொது நேரத்தில் அப்போது மார்ச் 31 இரவு 8.30. அப்படியே கணக்கில் சேர்த்தால் அந்தப் பணம் போன நிதியாண்டில் போய் விழும். வங்கிப் பட்டியலும் சங்கக் கணக்கும் ஒத்துவராது. ஆடிட்டர் கேட்கும்போது விழிக்க வேண்டியதுதான்.

பிறந்தநாள் வாழ்த்து எப்போதும் முந்தின நாளே போய்ச் சேருகிறது என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதற்கும் வேர் இதுவே. பிறந்த தேதிக்கு மணி கிடையாது. ஆனால் மென்பொருள் அதை நள்ளிரவு 12 மணி என்று வைத்துக்கொண்டு பொது நேரத்துக்கு மாற்றும்போது, அது முந்தின நாள் மாலை 6.30 ஆகிவிடுகிறது. டேட்டாபேஸில் தேதிகளுக்குப் பக்கத்தில் வரிசையாக 18:30 என்று பார்த்தால் சந்தேகமே வேண்டாம். தேதி மட்டும் தேவைப்படும் இடத்தில் தேதி மட்டும் கொள்ளும் வகைப் பத்தியை வைக்க வேண்டும். பிறந்த தேதிக்கு நேர மண்டலம் தேவையில்லை. வித்தியாசம் ஐந்தரைக்குப் பதில் சரியாக 11 மணி நேரம் இருந்தால், வேண்டிய திசைக்கு எதிர்த்திசையில் மாற்றிவிட்டார்கள் என்று பொருள். கூட்ட வேண்டிய இடத்தில் கழித்திருப்பார்கள். எதுவானாலும், சேமித்த தேதிகளில் ஐந்தரை மணியைக் கையால் கூட்டிக்கொண்டு உட்காராதீர்கள். சரியாக இருந்த வரிகளும் சேர்ந்து கெடும்.

நேர மண்டலத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பட்டியலில் 'ஏசியா/கொல்கத்தா' என்பதைத் தேட வேண்டும். பழைய கம்ப்யூட்டர்களில் 'ஏசியா/கல்கத்தா' என்றிருக்கும், இரண்டும் ஒன்றே. சென்னை என்று தேடினால் கிடைக்காது. நம் ஊர்க்காரர்கள் வருத்தப்பட வேண்டாம். 1906ல் இந்திய நேரம் என்று ஒன்று ஏற்படும் முன்பு, இந்த நாட்டு ரயில்களெல்லாம் ஓடியது மதராஸ் நேரத்தில்தான். 1792ல் மதராஸில் அமைந்த வானாய்வுக் கூடம் கணித்துத் தந்த நேரம் அது. இன்றைய இந்திய நேரத்துக்குச் சுமார் 9 நிமிடம் பின்தங்கியது. இன்று இந்திய நேரத்தை அணுக் கடிகாரங்கள் வைத்துப் பாதுகாப்பது டெல்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம். அதன் முதல் இயக்குநர் நம் கே. எஸ். கிருஷ்ணன், அவர் பெயரிலான சாலையில்தான் ஆய்வகம் இருக்கிறது.

சர்வர் இல்லாமல், அலுவலகக் கம்ப்யூட்டரில் மைக்ரோசாஃப்ட் அக்ஸஸ் வைத்திருப்பவர்களுக்குக் கடிகாரப் பிரச்சினை வேறு மாதிரி. அதில் தேதி வருவது, தட்டுகிறவரின் கம்ப்யூட்டரிலிருந்தே. பொருளாளர் மகன் வீட்டுக்கு நியூஜெர்சி போய், லேப்டாப்பைத் திறந்து பாக்கிக் கணக்கை ஏற்றினால் அமெரிக்க நேரம் விழும். குளிர்காலத்தில் நமக்குப் பத்தரை மணி நேரம் பின்னால், கோடையில் ஒன்பதரை மணி நேரம். இங்கே விடிந்த ஞாயிறு அங்கே இன்னும் சனிதான். பழைய கம்ப்யூட்டரில் ஒவ்வொரு நாளும் காலையில் தேதி பல வருஷம் பின்னால் போய் நிற்கிறதென்றால், உள்ளே நாணய வடிவில் இருக்கும் பேட்டரி தீர்ந்துவிட்டது, மாற்றினால் போதும். வித்தியாசம் 7 நிமிடம், 12 நிமிடம் என்று ஒழுங்கில்லாமல் இருந்தால் கடிகாரம் மெதுவாக நழுவியிருக்கிறது. இணையத்தோடு நேரத்தை ஒத்துக்கொள்ளும் வசதியை இயக்கிவிட வேண்டும்.

விசித்திரமான வருஷங்களைக் கண்டு மிரள வேண்டாம். 30-12-1899 என்று அக்ஸஸ் காட்டினால், யாரோ அந்தக் காலத்தில் சங்கத்தில் சேர்ந்துவிடவில்லை. அது தேதிகளை எண்ணத் தொடங்கும் பூஜ்ய நாள் அது. அங்கே தேதிக்குப் பதில் பூஜ்யம் இருக்கிறது, அல்லது மணி மட்டும் பதிவாகியிருக்கிறது. எக்ஸெல்லில் பூஜ்யம் 1900 ஜனவரியின் 0ஆம் தேதியாகத் தெரியும். 1970 ஜனவரி 1, காலை 5.30 என்று வந்தால் அதுவும் பூஜ்யம்தான். பல கம்ப்யூட்டர்கள் அந்த நாளிலிருந்து விநாடிகளை எண்ணுகின்றன. அரை மணிக் கணக்கு எங்கிருந்து வந்தது என்பது இப்போது உங்களுக்கே தெரியும். மைஎஸ்க்யூஎல்லின் டைம்ஸ்டாம்ப் பத்தியும் 1970லிருந்துதான் தொடங்குகிறது. 1948ல் பிறந்த நம் மூத்த உறுப்பினரின் பிறந்த தேதியை அதில் வைக்கவே முடியாது. மறு முனையும் உண்டு. நம் நேரப்படி 2038 ஜனவரி 19 காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடியோடு அதன் எண் தீர்ந்துவிடுகிறது. அதற்கப்பால் முதிர்வடையும் வைப்புத்தொகை ஏதாவது சங்கத்தின் பெயரில் இருந்தால், அந்தத் தேதிக்கு வேறு வகைப் பத்தி தேவை.

பட்டியல் எடுக்கும்போது கடைசி நாள் காணாமல் போவது மற்றொரு வழக்கமான புகார். பொங்கல் மலரில் ஜனவரி 14 அன்று பணம் கொடுத்தவர்களின் பெயர் மட்டும் விடுபட்டுவிடும்; அவர்கள் முகம் சுளிப்பார்கள். பதிவில் தேதியோடு மணியும் இருக்கிறது. '14 வரை' என்று கேட்டால், 14ஆம் தேதி பிறந்த நள்ளிரவு வரை என்று அது எடுத்துக்கொள்கிறது. பகலில் கொடுத்தவர்கள் வெளியே நிற்கிறார்கள். '15ஆம் தேதிக்கு முன்' என்று கேட்டால் எல்லாரும் உள்ளே வந்துவிடுவார்கள்.

மாதமும் நாளும் இடம் மாறுவது அமெரிக்க வழக்கத்தால். அக்ஸஸில் கட்டளை எழுதும்போது 05/04/2023 என்றால் நமக்கு ஏப்ரல் 5, அதற்கு மே 4. நாளின் எண் 12க்கு மேல் போனால் அதுவே திருத்திப் படித்துக்கொள்கிறது. அதனால்தான் மாதத்தின் பிற்பாதித் தேதிகள் சரியாகவும் முற்பாதித் தேதிகள் தப்பாகவும் தெரிகின்றன. வருஷம், மாதம், நாள் என்ற வரிசையில் 2023-04-05 என்று எழுதினால் குழப்பமில்லை.

சில சமயம் தேதிக் கட்டம் வெறுமையாக இருக்கும். தானியங்கி பொதுவாக அந்தப் பத்தியைப் பற்றி நாம் பேசாமல் இருந்தால்தான் இயங்கும். எக்ஸெல்லிலிருந்து பட்டியலை ஏற்றும்போது அந்தப் பத்தியையும் காலியாகச் சேர்த்து அனுப்பினால், 'காலியாக வை என்று சொல்லிவிட்டார்கள்' என்று அது ஒதுங்கிக்கொள்ளும். ஏற்றும் கோப்பிலிருந்து அந்தப் பத்தியையே எடுத்துவிட வேண்டும். பிற்பாடு புதிதாகத் தேதிப் பத்தி சேர்த்தாலும் கவனம் தேவை. சில டேட்டாபேஸ்கள் பழைய வரிகளைக் காலியாக விடும். மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரஸ் போன்றவை பத்தி சேர்த்த நேரத்தையே எல்லாப் பழைய வரிகளிலும் நிரப்பிவிடும். பார்க்க உண்மைத் தேதி போலவே இருக்கும். காலியாக விடுவதே நாணயமானது.

உங்கள் சங்கத்தின் பதிவேடு எப்படி நடந்துகொள்கிறது என்று தெரிந்துகொள்ளப் பத்து நிமிடம் போதும். ஒரு சோதனைப் பெயரைச் சேருங்கள். சேர்க்கும்போது சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து மணியைக் காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பதிவான நேரத்தோடு ஒப்பிடுங்கள். ஒரு காபி குடித்துவிட்டு வந்து, அதே பெயரின் தொலைபேசி எண்ணில் ஓர் இலக்கத்தை மட்டும் மாற்றிச் சேமியுங்கள். சேர்ந்த தேதி நகர்ந்ததா என்று பாருங்கள். முடிந்தால் இரவு 12 மணிக்கும் விடியற்காலை ஐந்தரைக்கும் நடுவில் இன்னொரு முறை செய்து, நாள் மாறுகிறதா என்றும் பார்த்துவிடலாம். சோதனைக்குப் போட்ட பெயரை வாக்காளர் பட்டியல் அச்சுக்குப் போகும் முன் மறக்காமல் நீக்கிவிடுங்கள்.